இருபது அடி தள்ளி

அந்தத் தேங்காயை வெளியில எடுக்காதீங்க. பையிலயே இருக்கட்டும். பையையும் அக்கட்டால செவுத்தோரமா வெச்சுட்டு உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? டேங்கர்த் தண்ணிதானுங்க. போருக்குப் பாயிண்ட் பார்க்கறவன் ஊட்ல டேங்கர்த் தண்ணியான்னு மனசுக்குள்ள சிரிக்கிறது தெரியுது. சிரிங்க. ஊரே சிரிச்சாச்சு, நீங்க எதுக்கு மிச்சம்.

காங்கேயத்துல இருந்து கார் ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. ரெண்டு போர் போட்டு ரெண்டும் தண்ணியில்லாம வெறும் புகைன்னு சொன்னீங்க. சென்னியப்பன் ஆப்பிரிக்காவுலயே நாலு இன்ச் தண்ணி கண்டவன், அவன் கையில தேங்காயைக் குடுங்கன்னு யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க. அதே ஆளு இன்னொண்ணும் சொல்லியிருப்பானே. ஆப்பிரிக்காக்காரி ஒருத்தி சாபம் உட்டுட்டா, அதுக்கப்புறம் அவன் வெச்ச பாயிண்ட் ஒண்ணுமே தேறலைன்னு. சொன்னானா இல்லையா? சொல்லியிருப்பான்.

சாபமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அந்தப்புள்ள சாபம் உடலை. உட்டிருந்தா நான் எங்கியாவது போய்ப் பரிகாரம் பண்ணியிருப்பனே. அது என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் கூப்புடுங்க. வரச்சொன்னா வரேன்.

மலாவின்னு ஒரு நாடு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. போர் போடற நம்ம திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத எடம் ஏது? நான் போன வண்டிக்குப் பாயிண்ட் பார்க்கறதும் நான்தான், மேஸ்திரியும் நான்தான். ரெண்டு வருசம் இருந்தேன். அவிய பாசையும் எனக்கு வந்துருச்சு, அவிய சோளமாவுக் களியும் எறங்கிருச்சு. நம்ம ராயிக்களி தின்னு வளர்ந்த வாய்தானே, வெள்ளைக்களியா இருந்தா என்ன.

கடைசியா வேலை பார்த்தது ஒரு தேயிலை எஸ்டேட்டுல. மலையடிவாரம் முச்சூடும் ஒரே ஆளோடது. வெள்ளைக்காரன் காலத்துல வெள்ளைக்காரன் கோடு போட்டு எடுத்துக்கிட்டானாம். அங்க ஏற்கெனவே குடியிருந்த சனத்தைப் பார்த்து, வருசத்துல இத்தனை மாசம் சும்மா வேலை செஞ்சு குடுத்தா இருங்க, இல்லீன்னா போங்கன்னானாம். அப்புறம் சுதந்திரம் வந்துச்சு. கொடி மாறிச்சு, பாட்டு மாறிச்சு, பத்திரம் மட்டும் பத்திரமா இருந்துச்சு. இப்ப ஓனரு அந்த நாட்டுக்காரரே. மந்திரியா இருந்து எறங்கினவர். நான் அவரைப் பார்த்ததே இல்லை. எஸ்டேட்டுல வேலை செய்யற சனமும் அவரைப் பார்த்ததில்லை.

எஸ்டேட்டுக்குக் கீழ ஓடைக்கரையில ஒரு கீத்து நெலம். இந்தத் தெரு அகலம் இருக்குமுங்க. அதுல அறுபது ஊடு. மக்காச்சோளத்தை வாசப்படி வரைக்கும் நட்டிருப்பாங்க, கதவைத் தொறந்தா சோளத்தட்டு மூஞ்சியில இடிக்கும். அதுவும் ஆறு மாசத்துக்குத்தான் வரும். மிச்ச ஆறு மாசம் பட்டினி. அக்கட்டால பார்த்தா எஸ்டேட்டு நெலம் கண்ணுக்கெட்டின தூரம் சும்மா கெடக்கும், தைல மரத்தைத் தவிர ஒண்ணுமில்லாம. அதுல ஒரு வெதை போட்டாக்கூட காவக்காரன் வந்து புடுங்கிப் போட்டுருவான். எனக்குப் பார்க்கச் சங்கடமா இருக்கும். ஆனா நான் போனது போர் போடத்தானுங்க. நாயம் பேச இல்லை.

எங்க வண்டி ஆளுங்களுக்குச் சமைச்சுப் போட வந்தது எனலேசி. அந்தக் கீத்து நெலத்துக்காரி. எனக்குத் தங்கச்சி வயசு இருக்கும். காலையில தேயிலை கிள்ளிட்டு வந்து மத்தியானம் எங்களுக்குக் களி கிண்டும். நாங்க தின்னு முடிச்சப்புறம் சட்டியில அடிப்புடிச்சதைச் சொரண்டி எலையில கட்டி எடுத்துட்டுப் போகும். ஊட்ல மூணு புள்ளைங்க. இன்னும் ரெண்டு இருந்துச்சாம், ஒரே மழைக்காலத்துல காச்சல் கண்டு போயிருச்சாம். என்னை ‘அச்சிம்வேனே’ன்னு கூப்புடும். அண்ணான்னு அர்த்தமுங்க. நானும் மாசத்துல ரெண்டு தடவை உப்பு, எண்ணெய்னு குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பார்க்கலாம்.

அந்தச் சனத்துக்கும் எஸ்டேட்டுக்கும் ஒரு கேசு நடந்துச்சு. இந்தக் கீத்தையும் காலி பண்ணுங்கன்னு எஸ்டேட்டு சொல்லுது. எங்க பாட்டன் முப்பாட்டன் வெள்ளைக்காரனுக்கு முன்னாடியே இருந்தாங்கன்னு இவிய சொல்றாங்க. பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாட்டி என்ன சாட்சின்னு கேட்டதுக்கு, எங்க இடுகாட்டை வந்து பாருங்க, அஞ்சு தலைமுறை படுத்திருக்குதுன்னு சொன்னாங்களாம். சரி, நெலத்து ஆபீசரு நேர்ல வந்து பார்த்துட்டு எழுதறதை வெச்சு முடிவு பண்ணிக்கலாம்னு ஆயிருச்சு. வியாழக்கிழமை வர்றதா ஏற்பாடு. எனலேசி களி கிண்டிக்கிட்டே இதை எங்கிட்டச் சொல்லுச்சு. அந்த மாசம் முச்சூடும் அதுக்கு வேற பேச்சே கிடையாது. அண்ணா, வியாழக்கிழமைக்கு அப்புறம் எங்களை யாரும் அசைக்க முடியாதுன்னு சொல்லும்.

எஸ்டேட்டு மேனேசர் பேரு கொண்டோவே. தங்கமான மனுசன். அந்த வாரம் திங்கக்கிழமை அவரே வந்து என்னைக் கார்ல ஏத்திக்கிட்டார். மெக்கடேமியான்னு ஒரு கொட்டை மரம் வெக்கப் போறாங்களாம், அதுக்குத் தண்ணி வேணுமாம். மேல முச்சூடும் தேயிலை, அதைப் புடுங்க முடியாது, கீழ பள்ளத்துல மட்டும் பார்த்தாப் போதும்னார். வெயில்ல எனக்குக் குடை புடிச்சுக்கிட்டுக் கூடவே நடந்தாருங்க. எந்த மேனேசரு மேஸ்திரிக்குக் குடை புடிப்பான்? ஒரு எடத்துல போய் நின்னார். சுத்தியும் திருகுகள்ளி. நம்மூர்ல வேலிக்கு வெக்கிறோமே, அதே கள்ளி, பார்த்ததும் ஊரு நெனப்பு வந்துருச்சு. உள்ள நாலஞ்சு பெரிய மரம். மத்தபடி புல்லு, கொஞ்சம் ஓட்டைப் பானை கெடந்துச்சு. வேற ஒண்ணுமில்லை.

தேங்காயை உள்ளங்கையில படுக்க வெச்சேன். குடுமி முன்னால இருக்கும், விரல் நுனியைப் பார்த்த மாதிரி. தண்ணி ஓட்டத்துக்கு மேல வந்தா அதுவே எந்திரிச்சு நிக்கும். அது உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதானே பையில கொண்டாந்திருக்கீங்க. பத்து எட்டு நடந்தேன். நின்னுருச்சுங்க. கொண்டோவே காலுக்குப் பக்கத்துல வந்ததும் குடுமி மேல பார்த்துருச்சு. அவரு கையைத் தட்டினார். வியாழனுக்குள்ள வேலை முடிஞ்சிரணும்னார். ஆபீசரு வர்ற நேரத்துல எடம் சேறும் சகதியுமாக் கெடந்தா மரியாதையா இருக்காதுன்னு நெனைச்சார்போலன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

மறுநாள் காலையில மஞ்சக்குச்சி நட்டு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் அறுத்து, பூசணிக்காய் ஒடைச்சுப் பூசை போட்டேன். பூசை போட்ட பாயிண்ட்டை நகத்தக் கூடாதுங்க. அதுல நான் கறாரு. ஒரு தடவை சித்ரதுர்கா பக்கம், தோட்டக்காரர் பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ரெண்டடி தள்ளிப் போட்டேன். முந்நூறு அடியில ராடு மாட்டிக்கிச்சு. வண்டியே ஒரு மாசம் நின்னுபோச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினது. பூசைக்கு முன்னாடி நூறு தடவை மாத்துவேன். பூசைக்குப் பின்னாடி சாமியே வந்து கேட்டாலும் மாத்த மாட்டேன்.

வண்டிக்கு ஜாக்கி போட்டுக்கிட்டு இருக்கறப்ப எனலேசி ஓடியாந்துச்சு. தேயிலைக் கூடை இன்னும் முதுகுல தொங்குது. அந்த ஓட்டத்துல எலையெல்லாம் சிந்திக்கிட்டே வந்திருக்குது. எங்கிட்ட வந்து நின்னு மூச்சு வாங்குச்சு. அப்புறம் மெதுவாத்தான் கேட்டுச்சு.

“அண்ணா, இருபது அடி தள்ளிப் போட்டுக்க. கள்ளிக்கு அந்தப் பக்கம். அவ்வளவுதான் கேக்கறேன்.”

“பூசை போட்டாச்சு தாயி. இனி நகத்த முடியாது.”

“நகத்துனா உன் சாமி கோவிச்சுக்குமா?”

“ஆமா.”

“எங்க ஆளுங்க எல்லாம் இங்கதான் படுத்திருக்காங்க. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. எங்களை இந்த நெலத்துல இருக்க வெக்கிறதே அவங்கதான்.”

பொதங்கிழமைக்குள்ள முடிச்சுட்டு வண்டியை எடுத்துருவேன், வியாழக்கிழமை ஆபீசருக்கு எல்லாம் இருந்தது இருந்த மாதிரி இருக்கும்னு சொன்னேன். அப்ப அதை நெசம்னுதான் நம்பினேன். அந்தப்புள்ள கூடையை எறக்கி வெச்சுட்டு வண்டிக்கு முன்னால உக்காந்துருச்சு. கொண்டோவே ஆளுங்க நாலு பேரு வந்து தூக்கி அக்கட்டால உக்கார வெச்சாங்க. அடிக்கலைங்க. ஒரு அடிகூடப் படலை, அதுக்கு நான் சாட்சி.

எரநூத்திப் பத்து அடியில தண்ணி ஒடைச்சுது. நாலு இன்ச்சுங்க! கம்பரசர் தூக்கி அடிச்சதுல மரத்து உசரத்துக்குப் போச்சு. என் கூட வந்த பசங்க நனைஞ்சுக்கிட்டு ஆடறானுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி. பாரு, பூசை பொய்யாகலைன்னு நெனைச்சேன். தள்ளிப் போட்டிருந்தா இது வந்திருக்குமா? எனலேசி உக்காந்த எடத்துலயே உக்காந்திருந்துச்சு. கல்லுமாவு கலந்த சேறு சாம்பக்கலர்ல ஓடி வந்து அதும் பாதத்தை மூடுது, காலை எடுக்கவே இல்லை.

பொதங்கிழமை வண்டி வெளிய வரணும்னு டிராக்டரை உட்டு எடத்தைச் சமப்படுத்தினாங்க. கள்ளியைப் புடுங்கினாங்க. மரத்தை வெட்டினாங்க. அது நான் பண்ணினது இல்லை. வியாழக்கிழமை ஆபீசரு வந்தார். பளபளன்னு சூ போட்டிருந்தார், சேறு ஒட்டிரும்னு ஓரத்துலயே நின்னுக்கிட்டார். ஊரே வந்து நிக்குது. எனலேசி சேத்துல எறங்கி இது எங்கம்மா, இது எங்க பாட்டி, இது என் புள்ளைங்கன்னு கையைக் காட்டுது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சாம்பச்சேறுதான் கெடக்குது. காட்டின எடத்தையே மாத்தி மாத்திக் காட்டுது. அதுக்கே அடையாளம் தெரியலை.

ஆபீசரு சுத்திப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டார். நான் வெளிநாட்டுக்காரன், யாரு பக்கமும் இல்லாதவன், அதனால என் வார்த்தை செல்லும்னார். நீங்க வந்தப்போ இங்க என்ன இருந்துச்சுன்னு கேட்டார். கொண்டோவே என் பக்கத்துலதான் நிக்கறார். என் பாஸ்போர்ட்டு எஸ்டேட்டு ஆபீஸ் பீரோவுல இருக்குது. விசா நீட்டிக்கறதுக்குக் குடுத்தது.

“கள்ளி வேலி இருந்துச்சு. மரம் இருந்துச்சு. வேற ஒண்ணும் நான் பார்க்கலை.”

பொய் இல்லைங்களே. கல்லறைன்னு ஒரு கல்லுகூட இல்லை, சிலுவை இல்லை, மேடு இல்லை. நான் என்ன கண்டேன்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆனா பானை இருந்துச்சுங்க. முன்னாடி சொன்னனே, ஓட்டைப் பானைன்னு. ஒடைஞ்ச பானை இல்லை. நல்ல பானை, கவுத்து வெச்சு அடியில ஓட்டை போட்டது. முப்பது நாப்பது, வரிசையா. எங்கப்பன் செத்தப்ப கொள்ளிக்குடம் தூக்கினவன் நானு. மூணு சுத்துக்கு மூணு ஓட்டை போட்டு முதுகுக்குப் பின்னால போட்டு ஒடைச்சவன். ஓட்டைப் பானைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? திங்கக்கிழமையே தெரியும். அந்த ஆபீசரும் அந்த நாட்டுக்காரர். பானைன்னு ஒரு வார்த்தை என் வாயில இருந்து வந்திருந்தா அவருக்கு அது போதும்.

எனலேசி என்னையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. நான் பேசினது இங்கிலீசு, அதுக்குப் புரிஞ்சிருக்காது. பக்கத்துல ஒருத்தன் காதுல சொன்னான். ஆபீசரு எழுதிக்கிட்டுப் போயிட்டார்.

பத்து நாள்ல உத்தரவு வந்துச்சு. அறுபது ஊட்டையும் ரெண்டே நாள்ல இடிச்சாங்க. முழங்கால் உசரம் வளர்ந்திருந்த சோளத்துமேலயே டிராக்டர் ஏறுச்சு. கூரைத் தகரத்தைத் தலையில வெச்சுக்கிட்டு, புள்ளையை முதுகுல கட்டிக்கிட்டு, சனம் ரோட்டோரமா நடக்குது. எங்க போறாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியலை. போக எடம் இருந்தாத்தானே சொல்றதுக்கு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலைங்க. எங்கப்பனும் இப்படித்தான். பண்ணயக்காரர் காட்டு ஓரத்துல குடிசை போட்டு இருந்தவர், ஒரு நாள் எடுடான்னா எடுத்துக்கிட்டு நடந்தவர். எனக்கு ஆறு வயசு. சட்டியை நான் தூக்கிக்கிட்டு வந்தேன். நெலம்னு ஒரு துண்டாவது வாங்கிட்டுத்தான் சாகணும்னு அன்னைக்கே மனசுல போட்டு வெச்சது. அதுக்குத்தானே கப்பல் ஏறினேன்.

சனம் போன அன்னைக்குச் சாயங்காலம், பொழுது எறங்கறதுக்கு முன்னாடி, எனலேசி எங்க கொட்டாய்க்கு வந்துச்சு. மூணு புள்ளைங்களையும் ரோட்டுல நிறுத்தி வெச்சுட்டு வந்திருக்குது. திட்டப் போகுது, மண்ணை வாரித் தூத்தப் போகுதுன்னு நெனைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அது கேட்டது வேற.

“அண்ணா, தரைக்கு அடியில இருக்கறது உனக்குத் தெரியும். தண்ணியை அப்படித்தானே கண்டுபுடிச்ச. என் புள்ளைங்க ரெண்டும் எங்க படுத்திருக்குதுன்னு உன் தேங்காயை வெச்சுப் பார்த்துச் சொல்லு. ஆளுக்கு ஒரு புடி மண்ணு எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்.”

முடியாதுன்னு எப்படிங்க சொல்றது? கடைசியா ஒரு தேங்காய் இருந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போனேன். அந்தக் காஞ்ச சேத்து மேல நடக்கறேன். அந்தப்புள்ள என் மூஞ்சியைப் பார்க்கலை, தேங்காயையே பார்த்துக்கிட்டுப் பின்னால வருது. இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடந்தேன். தேங்காய் அசையலை. திரும்பவும் நடந்தேன். கல்லு மாதிரிப் படுத்துக் கெடக்குது. பொழுது எறங்குது, ரோட்டுல இருந்து புள்ளைங்க கூப்பிடுது. அந்தப்புள்ள போறதாத் தெரியலை. விடிய விடிய நடந்தாலும் பின்னாலயே வந்திருக்கும்.

ஒரு எடத்துல நின்னேன். கட்டைவிரலால அடியில ஒரு நெம்பு நெம்பினேன். தேங்காய் எந்திரிச்சு நின்னுருச்சு.

அப்படியே மண்டி போட்டு உக்காந்து ரெண்டு கையாலயும் தோண்டுச்சு. மேல பூராவும் என் போர்ல இருந்து வந்த கல்லுமாவு. அதைத்தான் அள்ளி இடுப்புத்துணி ஓரத்துல முடிஞ்சுது. இது பெரியவனா சின்னவளான்னு கேட்டுச்சு. பெரியவன்னு சொன்னேன். அஞ்சு எட்டுத் தள்ளிப் போய் இன்னொரு நெம்பு. அங்கயும் தோண்டி இன்னொரு முடிச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து மறுபடி மண்டி போட்டு, ரெண்டு உள்ளங்கையையும் குழிச்சு மெதுவா மூணு தடவை தட்டுச்சு. அவிய ஊர்ல பெரிய உதவி பண்ணினவங்களுக்கு நன்றி சொல்றது அப்படித்தானுங்க. எனக்கு நன்றி சொல்லுச்சு! அவ்வளவுதான், எந்திரிச்சுப் போயிருச்சு.

இதையாவது ஒரு மாதிரித் தாங்கிக்குவேன். அழுகற புள்ளைக்கு ஒரு ஆறுதல்னு சொல்லிக்கலாம். ஆனா அன்னைக்கு நெம்பினப்ப எனக்கு ஒண்ணு தெரிஞ்சு போச்சு. என் கட்டைவிரலுக்கு அந்த வேலை புதுசு இல்லைங்க. பழகின வேலை. கொண்டோவே போய் நின்னாரே, அன்னைக்கும் இதே விரலுதான். நான் வேணும்னு பண்ணலை, என் பொண்டாட்டி புள்ளை மேல சத்தியம். ஆனா விரலு பண்ணுச்சு. அந்தப் பள்ளத்துல, ஓடைக்குப் பக்கத்துல, எங்க ஓட்டை போட்டாலும் தண்ணி வந்திருக்குமுங்க. இருபது அடி தள்ளிப் போட்டிருந்தாலும் அதே நாலு இன்ச்சுதான். கள்ளிக்கு அந்தப் பக்கம் வெறும் புல்லுதான் இருந்துச்சு. இது கொழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியலையாம்.

ஊருக்கு வந்து முக்கா ஏக்கரா வாங்கினேன். எங்க வம்சத்துலயே மொத நெலம். அதுல நானே பாயிண்ட் வெச்சேன், எழுநூறு அடி, புகை. ரெண்டாவது, புகை. அப்புறம் கட்டைவிரலை உள்ளங்கையோட சேர்த்துச் சணல்ல இறுக்கிக் கட்டிக்கிட்டு, நாலு நாள் காலையும் சாயங்காலமுமா நடந்தேன். ஒரு தடவைகூட எந்திரிக்கலை. என் பொண்டாட்டி வரப்புல உக்காந்து அழுவுறா. அந்த முக்கா ஏக்கராவையும் வித்துட்டு மறுபடி கூலிக்குத்தான் போகணும்போல. அந்தப்புள்ள எங்க இருக்குதோ, யாரு நெலத்து ஓரத்துல அந்த ரெண்டு முடிச்சையும் பொதைச்சுதோ. அதுக்கு மேல தெனமும் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்குதோ என்னமோ.

நீங்க எந்திரிக்காதீங்க, முடிச்சுர்றேன். உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, உங்களுக்கும் வேற வழியில்லை. எனக்கும் இல்லீங்க. வரேன். ஆனா காட்டுல நான் நடக்கறப்ப நீங்க எனக்கு முன்னால வந்து எங்கியும் நிக்காதீங்க. பின்னாலயே வாங்க. கார்ல சணல் கயிறு இருந்தா எடுத்துட்டு வாங்க, இப்பவே நீங்களே உங்க கையால கட்டி உடுங்க. இந்த விரலுதான். இன்னும் இறுக்கிக் கட்டலாமுங்க, வலிக்காது.